கடுக்காய் மையும் முலாம் பேனாவும்: கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு கறையின் வரலாறு

உலோக முலாம் பூசிய மைப்பேனாவின் கழுத்திலும் மூடியின் விளிம்பிலும் படியும் கருநீலக் கறையை வெறும் அழுக்கென்று எண்ணித் தேய்ப்பவர்கள், பெரும்பாலும் கறையோடு முலாமையும் சேர்த்தே இழக்கிறார்கள். அக்கறை எதனால் ஆனது, உலோகத்தை ஏன் அவ்வளவு இறுகப் பற்றுகிறது என்று அறிய மையின் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும். அவ்வரலாற்றின் வேர்களில் ஒன்று கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில் விளையும் கடுக்காயில் இருக்கிறது. எழுத்து அழியாமல் நிற்க வேண்டும் என்ற தேவைக்காகத் துவர்ப்பையும் இரும்பையும் கூட்டிச் செய்த மையே எழுதுகருவியின் உலோகத்தை அரித்தது. அவ்வரிப்பைத் தாங்கும் பொருட்டே தங்க நிப்பும், அதன் மலிவான மாற்றாக முலாமும் வந்தன. முலாம் கெடாமல் கறையை நீக்கும் முறையும் அதே வேதியியலிலிருந்தே கிடைத்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு மலைப்பகுதியின் காட்டுப்பொருளுக்கும் சமவெளியின் எழுத்துப் பண்பாட்டுக்கும் இடையே இருந்த உறவு தெளிவாகிறது.

மலையும் கடுக்காயும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து, வடக்கே பாலாற்று வடிநிலத்தையும் தெற்கே காவிரி வடிநிலத்தையும் பிரிக்கும் வரிசையில் அமைந்துள்ளது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும், அதைவிட உயர்ந்த தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்தையும், வெள்ளிமலையை உள்ளடக்கிய கிழக்குப் பக்கம் கள்ளக்குறிச்சியையும் சேர்ந்தவை. நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றாக இருந்த கள்ளக்குறிச்சி, 1993-ல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகி, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகக் கூறும் மரபுச் செய்தியைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் எனப்பட்ட ஜாகிர்தார்களின், அதாவது நிலத்தையும் அதன் வருவாயையும் மானியமாகப் பெற்ற தலைவர்களின், ஆளுகையில் இருந்த இம்மலைக் கிராமங்கள் 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தன.

தினை, சாமை முதலிய சிறுதானியப் பயிர்களோடு, தேன், புளி, கடுக்காய் ஆகிய காட்டு விளைபொருள்களும் இம்மக்களின் வாழ்வாதாரமாக இருந்துவந்துள்ளன. தாவரவியலார் டெர்மினாலியா செபுலா என்று பெயரிட்டுள்ள கடுக்காய் மரம், இம்மலையின் இலையுதிர் காடுகளுக்கு உரியது. கோடைத் தொடக்கத்தில் பூக்கும் இம்மரத்தின் காய்கள் பனிக்காலத்தில் முற்றுகின்றன. உதிர்ந்தவற்றைப் பொறுக்கியும் கிளைகளை உலுக்கியும் சேர்க்கும் காய்களைக் களத்தில் பரப்பி, ஓடு போல் கெட்டியாகும்வரை உலர்த்துவார்கள். உலரும்போது மழையில் நனைந்த காய் கறுத்து விலை இழக்கும். ஆகையால் மஞ்சள் கலந்த பச்சை நிறம் மாறாமல் உலர்ந்த காயே உயர்ந்த சரக்காக மதிக்கப்பட்டது. பச்சைக் கடுக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால், சற்று நேரத்திலேயே கத்தியின் அலகும் அதைப் பிடித்த விரல்களும் கருமை ஏறிப்போகும். அக்கருமை சோப்புக்கும் நீருக்கும் எளிதில் போகாது. மை என்ற பொருள் பிறப்பதற்கு முன்பே அதன் வேதியியல் அங்கே நிகழ்ந்துவிடுகிறது.

கடுக்காயின் சதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின் உள்ளது. விலங்குத் தோலைப் பதப்படுத்தி அழுகாத தோற்பொருளாக மாற்றும் ஆற்றல் பெற்ற துவர்ப்புப் பொருள்களின் பொதுப்பெயர் டானின் என்பதாகும். இப்பொருளுக்காகவே ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்கள் ஆவாரம்பட்டையோடு கடுக்காயையும் பயன்படுத்தின. பருத்தித் துணிக்குச் சாயமேற்றுவோர், சாயம் நூலில் பிடிப்பதற்குத் துணியை முதலில் கடுக்காய் நீரில் தோய்த்தனர். கட்டுமானக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தனர். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற காட்டுப்பொருள்களில் கடுக்காய்க்கு நிலையான இடம் இருந்தது; மதராஸ் கடற்கரைச் சரக்கு என்பது அவ்வணிகத்தில் அறியப்பட்ட தரப்பெயர்களுள் ஒன்று.

பனையோலையிலிருந்து காகிதத்துக்கு

தமிழகத்தின் எழுத்து மரபு தொடக்கத்தில் உலோகத்தைக் கறைப்படுத்தாத மரபாகவே இருந்தது. இரும்பு எழுத்தாணியால் பனையோலையில் கீறி எழுதும்போது மை தேவைப்படுவதில்லை. எழுதி முடித்த பிறகு, மாவிலைக்கரி போன்ற கரித்தூளைக் கோவையிலை, ஊமத்தையிலை முதலியவற்றின் சாற்றில் குழைத்து ஓலையின் மேல் தடவித் துடைத்தால், கீறல்களில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் தெளிவாகத் தெரியும். இக்கருமை கார்பன் என்னும் கரிமத்தால் ஆனது. விளக்குக் கரியையும் பிசினையும் சேர்த்து, காகிதத்தில் நாணற்குச்சியால் எழுதப் பயன்படுத்திய மையும் இவ்வகையைச் சேர்ந்ததே. கரிமம் இரும்போடும் செம்போடும் வினைபுரியாது. ஆகவே கரிமை எழுத்தாணியையோ மைக்கூட்டையோ அரிக்கவில்லை. ஆனால் அது காகித இழைகளுக்குள் ஊடுருவாமல் மேற்பரப்பிலேயே தங்குவதால், ஈரத் துணியால் துடைத்து அழித்துவிட்டு வேறொன்றை எழுதிவிட முடியும்.

1801-ஆம் ஆண்டின் கர்நாடக உடன்படிக்கைக்குப் பின் ஆர்க்காட்டு நவாபின் நிலப்பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காட்டிலும் காகிதவழி நிர்வாகம் விரிவடைந்தது. நிலவரிக் கணக்கு, நீதிமன்ற ஆவணம், அடமானப் பத்திரம் ஆகியவை பல தலைமுறைகளுக்குச் செல்லுபடியாக வேண்டியவை. அவற்றில் எழுத்தைச் சுரண்டியோ கழுவியோ மாற்ற இயலாதபடி ஒரு மை தேவைப்பட்டது. ஐரோப்பாவில் இடைக்காலம் முதலே அத்தகைய மை வழக்கில் இருந்தது. ஓக் மரத்தில் பூச்சி கொட்டிய இடத்தில் உண்டாகும் துவர்ப்புக் காய்ப்புகளை ஊறவைத்த நீரில், அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டையும் கருவேலம் பிசினையும் கலந்து அது தயாரிக்கப்பட்டது. அந்த ஐரோப்பியக் காய்ப்புகள் செய்த வேலையை இந்தியாவில் கடுக்காய் செய்தது. விதை நீக்கி இடித்த கடுக்காயை நீரில் ஊறவைத்து, வடிகட்டி, அன்னபேதியும் பிசினும் சேர்த்தால், அதே இனத்தைச் சேர்ந்த இரும்பு மை கிடைக்கும்.

இம்மை வெளிறிய நிறத்தில் காகிதத்தில் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகே முழுக் கருமை அடைகிறது. கரைசலில் இருக்கும்போது இரும்பு நீரில் கரையும் நிலையில் உள்ளது. காற்றுப் பட்டதும் அது நீரில் கரையாத, டானினோடு பிணைந்த இரும்புக் கூட்டாக மாறிக் காகித இழைகளுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. எழுதும் நேரத்தில் எழுத்துத் தெரியாமல் இருப்பது எழுத்தருக்கு இடையூறாதலால், நீலச் சாயம் ஒன்றை உடன் சேர்க்கும் வழக்கம் வந்தது. இங்கிலாந்தின் ஹென்றி ஸ்டீபன்ஸ் 1832-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மை இவ்வகையில் புகழ்பெற்றது. எழுதும்போது நீலமாகவும் நாளடைவில் கறுப்பாகவும் தோன்றும் கருநீல மை, அரசு அலுவலகங்களிலும் பத்திரப் பதிவிலும் நிலையான மையாக ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு இப்பண்பே காரணம். இந்திய விடுதலைக்குப் பின் வகுக்கப்பட்ட இந்தியத் தர நிர்ணயங்களிலும், 0.1 விழுக்காடு இரும்பு அடங்கிய டானின் மைக்குத் தனி விவரக்குறிப்பு இடம்பெற்றது.

உலோகத்தை அரித்த மை

எழுத்தை நிலைக்கச் செய்த பண்பே எழுதுகருவிக்குக் கேடாக முடிந்தது. இரும்பு மை இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. அமிலம் குறைந்தால் இரும்புக் கூட்டு புட்டியிலேயே படிந்து, மை கட்டியாகிவிடும் என்பதால், தயாரிப்பாளர்கள் சிறிதளவு அமிலத்தை வேண்டுமென்றே சேர்த்தனர். 1820-களிலிருந்து பர்மிங்காமில் எந்திரத்தால் பெருமளவில் செய்யப்பட்ட எஃகு நிப்புகள், கட்டையில் செருகி, மையைத் தொட்டு எழுதும் வகையின. அவை இம்மையில் தோய்ந்து சில வாரங்களிலேயே முனை அரித்து, துருவேறி, எழுத்தைக் கிழிக்கத் தொடங்கின. மலிவாகக் கிடைத்ததால் அவற்றைத் தூக்கியெறிந்து புதிதாக மாற்றிக்கொள்வதே வழக்கமாயிற்று. இதே அமிலம் காகிதத்தையும் மெல்ல எரிப்பதை, சென்னை எழும்பூரில் 1909-ல் எழுந்த ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்படும் பழைய ஏடுகளின் மையெரிந்த வரிகள் காட்டுகின்றன.

1884-ல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற மைப்பேனாவோ நிப்பைப் பகல் முழுவதும் மையில் நனைந்தபடியே வைத்திருப்பது. அரிப்புக்கு முடிவில்லாத வாய்ப்பைத் தரும் இவ்வமைப்புக்கு எஃகு பொருந்தவில்லை. அமிலத்தால் பாதிக்கப்படாத தங்கமே நிப்புக்கு உரிய உலோகமாயிற்று. தூய தங்கம் மிக மென்மையானது ஆகையால், 14 காரட், அதாவது 58.5 விழுக்காடு தங்கம் கொண்ட கலவையை நிப்பாக அடித்து, தாளில் உராயும் முனையில் மட்டும் இரிடியம் முதலிய கடினமான உலோகத்தின் சிறு துளியைப் பற்றவைத்தனர். உடல் பகுதிக்குக் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பராகிய எபோனைட்டைத் தேர்ந்ததும், மை அரிக்காத பொருள் என்ற காரணத்தாலேயே.

தங்க நிப்பு எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது முலாம். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கும் பழைய முறையை இந்தியப் பொற்கொல்லர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1840-ல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறை, அப்பணியைத் தொழிற்சாலைக்குரியதாக்கியது. உலோகப் பொருளைத் தங்கமோ வெள்ளியோ நிக்கலோ கரைந்த திரவத்தில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தும்போது, அவ்வுலோகம் மெல்லிய படலமாக அப்பொருளின் மேல் படிகிறது. 1920-களில் குரோமிய முலாமும் தொழில்முறையில் நிலைபெற்றது. பித்தளை மேல் நிக்கலும், நிக்கல் மேல் தங்கமும் அல்லது குரோமியமும் என அடுக்கடுக்காக அமையும் இப்பூச்சில், மேலடுக்கான தங்கம் பல பேனாக்களில் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்பே கொண்டது. அதற்கு மாறாக, ரோல்டு கோல்டு எனப்படும் வகையில் தங்கத் தகட்டை அடி உலோகத்தோடு சேர்த்து உருட்டி ஒட்டுவதால், பூச்சு பன்மடங்கு தடிப்பாக இருக்கும். அத்தகைய மூடிகள் பல பதிற்றாண்டுகள் தேய்மானத்தைத் தாங்கியுள்ளன.

பேனாவும் மையும் இந்தியாவில் செய்யப்பட வேண்டும் என்ற எண்ணம் சுதேசி இயக்கத்தோடு வளர்ந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் கடைசல் எந்திரத்தில் பேனா செய்து, 1930-களில் காந்தியடிகளின் பாராட்டைப் பெற்றார். 1934-ல் வங்காளத்தில் சுலேகா மை சந்தைக்கு வந்தது. பிற்காலத்தில் சென்னையில் தயாரான பிரில் மை தமிழகப் பள்ளிகளில் வீட்டுப்பெயர்போல் ஆயிற்று. திருவள்ளூரில் எபோனைட் பேனாக் கைத்தொழில் இன்றும் தொடர்கிறது. சீனாவிலிருந்து வந்த, பளபளக்கும் உலோக மூடியும் தங்க நிறக் கிளிப்பும் கொண்ட ஹீரோ பேனாக்கள், தமிழக மாணவரிடையேயும் அலுவலர் இடையேயும் பெருமையான உடைமையாக மதிக்கப்பட்டன. மலிவான பேனாவிலும் முலாம் இடம்பெற்றபோது, அதைக் கறையிலிருந்து காப்பது பொதுமக்களின் தேவையாயிற்று.

கறை நீக்கும் அறிவு

பேனாவின் உலோகப் பகுதியில் காணப்படும் கறைகள் மூன்று வகைப்படும். அவற்றைப் பிரித்தறிவதே துப்புரவின் முதற்படி. முதல் வகை, நீரில் கரையும் சாயத்தால் ஆனது. இன்று விற்கும் நீல, சிவப்பு, பச்சை மைகள் பெரும்பாலும் இவ்வகையின. அறை வெப்பநிலையிலுள்ள நீரும் மென்மையான பருத்தித் துணியும், தேவையானால் ஒரு சொட்டு மென்சோப்பும் இதற்குப் போதும். இரண்டாவது, கடுக்காய் மையின் இனத்தைச் சேர்ந்த இரும்புக் கறை. இது நீரில் கரையாது. கறுப்பும் பழுப்பும் கலந்து, நிப்பின் பிளவிலும், கழுத்து உடலோடு சேரும் வளையத்திலும் பொருக்காகக் காணப்படும். மூன்றாவது, கறையே அன்று. முலாமில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் வழியாக மையின் அமிலம் அடியிலுள்ள பித்தளையை அடைந்து உண்டாக்கும் பச்சைக் களிம்பு. இதைத் துடைத்து எடுத்தாலும், அதன் கீழே முலாம் இல்லாத இடம் வெளிப்படும். மீண்டும் முலாம் பூசுவதைத் தவிர அதற்கு முழுமையான தீர்வு இல்லை.

இரும்புக் கறையை நீக்க உரசல் தேவையில்லை. இரும்பை டானினின் பிடியிலிருந்து விடுவித்து நீரில் கரையும் நிலைக்குக் கொண்டுவந்தால் கறை தானே கழன்றுவிடும். ஐரோப்பாவில், புளிப்புக் கீரைகளிலிருந்து எடுத்த ஆக்சாலிக் உப்பை மைக்கறை போக்கப் பயன்படுத்தினர். அது எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டது. ஆக்சாலிக் அமிலம் இரும்போடு சேர்ந்து கரையும் கூட்டை உண்டாக்குவதால் அது வேலை செய்தது. ஆயினும் உட்கொண்டால் நஞ்சாகும் பொருள் அது. தமிழக வயல்வரப்புகளில் முளைக்கும் புளியாரைக் கீரையின் புளிப்புக்கும் இவ்வமிலமே காரணம். துணியில் பட்ட துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவும் தமிழ் வீட்டு வழக்கமும் இதே விதியைச் சார்ந்தது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றிக் கரைக்கிறது. இத்தகைய அமிலங்களுள் முலாமுக்குப் பொருத்தமானது, வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தின் மிக நீர்த்த கரைசல். அது கரையாத இரும்பைக் கரையும் இரும்பாக மீட்கிறது. மையின் கருமையை உண்டாக்கிய ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிரான வினை இது.

இக்கரைசலில் நனைத்த துணியால் கறையை ஒற்றி, சில நிமிடங்களுக்குள் தூய நீரில் கழுவி, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுப்பதே முறை. நிப்பையும் அதன் அடியிலுள்ள நிப்புக்கட்டையையும் கழற்ற முடியுமானால் தனித்தனியே கழுவலாம். உலோக மூடியை முழுவதும் நீரில் ஊறவைத்தால், உட்புறத்தில் தங்கும் ஈரம் முலாமில்லாத அடி உலோகத்தை அரிக்கும். பிடிவாதமான சாயக்கறைக்கு நீர்த்த அம்மோனியா பயன்படும். ஆனால் அது செம்பையும் பித்தளையையும் தாக்கும் தன்மையுடையதால், முலாம் தேய்ந்த இடத்தில் அதை நிறுத்தி வைக்கக் கூடாது. சலவைக்குரிய குளோரின் திரவம் சாயத்தை வெளுத்தாலும், துருப்பிடிக்காத எஃகில் குழி உண்டாக்கி, வெள்ளிப் பூச்சைக் கறுக்கச் செய்யும். அதை எந்த அமிலத்தோடு சேர்த்தாலும் நச்சுவாயு எழும்.

பேனா பழுதுபார்ப்போர் எச்சரிக்கும் பிழைகளில் முதன்மையானது, குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் முலாம் மூடியைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்கு முழுதும் பித்தளை. தேய்த்துப் போகும் மேற்பரப்பின் கீழேயும் பித்தளையே இருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிய பளபளப்பு கிடைக்கிறது. முலாமின் கீழே இருப்பதோ வேறு உலோகம். சாம்பல், பல்பொடி, உலோகப் பாலிஷ் ஆகியவற்றிலுள்ள நுண்துகள்கள் சில தேய்ப்புகளிலேயே தங்க அடுக்கைத் தேய்த்துப் போக்கிவிட, மூடியின் விளிம்பில் வெண்ணிற நிக்கலும் பின்னர் மஞ்சள் பித்தளையும் தென்படத் தொடங்கும். புளியின் அமிலம் இரும்புக் கறைக்கு மருந்தாக அமைவதும், அதனோடு சேரும் சாம்பல் முலாமுக்குப் பகையாக அமைவதும் ஒரே கைப்பிடிக்குள் நிகழ்கின்றன. தங்க முலாம் பூசிய நிப்பின் மேற்பரப்பில் மெல்லிய மைப்படலம் பரவி நிற்பது கறை அன்று. பிளவிலிருந்து மை ஊர்ந்து பரவுவதால் உண்டாகும் அது எழுத்தைக் கெடுப்பதில்லை, துணியால் ஒற்றினால் போய்விடும்.

வரலாற்றின் இன்றைய நிலை

1938-ல் லாஸ்லோ பிரோ காப்புரிமை பெற்ற பந்துமுனைப் பேனா பின்னர் உலகெங்கும் பரவியபோது, மைப்பேனா அன்றாட வழக்கிலிருந்து விலகியது. நிப்பு மாற்றவும், கழுத்து இறுக்கவும், முலாம் பூச அனுப்பவும் ஆளிருந்த கடைவீதிப் பேனா ரிப்பேர் தொழில் சுருங்கியது. அத்தொழிலாளரின் விரல்களில் தங்கியிருந்த அறிவு, எந்தக் கறைக்கு நீர், எதற்கு எலுமிச்சை, எதைத் தொடவே கூடாது என்பது, ஏட்டில் பதிவாகாமலேயே மறைந்து வருகிறது. ஆனால் பழைய பேனாக்களைப் பேணும் ஆர்வம் இன்று மீண்டும் எழுந்துள்ளதால், அவ்வறிவுக்கு மீண்டும் பயன் வந்துள்ளது. தாத்தாவின் முலாம் பேனாவைப் பழையபடி எழுத வைக்க விரும்புபவருக்கு, அதில் ஒருகாலத்தில் ஊற்றிய மை எவ்வகை என்பதே முதல் கேள்வி ஆகிறது. சாய மையானால் நீரோடு முடியும். பத்திர எழுத்துக்குரிய கருநீல இரும்பு மையானால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த அந்தப் பழைய பிணைப்பைப் பொறுமையாக அவிழ்க்க வேண்டும்.

கல்வராயன் மலையில் கடுக்காய் இன்றும் சேகரிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் தோல் பதனிடுதலுக்கும் செல்கிறது. மைத் தொழிலுக்கு இந்தக் காய் அளித்த பங்கு பெரும்பாலான வரலாற்று நூல்களில் ஒரு வரியைக் கூடப் பெறவில்லை. சமவெளியின் நிலவுரிமைகளையும் கடன்களையும் நீதித்தீர்ப்புகளையும் நூறாண்டுக்கு மேல் அழியாமல் நிறுத்தியது துவர்ப்பு கலந்த மை என்றால், அத்துவர்ப்பைத் தந்த மரங்களின் காய்களைப் பொறுக்கி உலர்த்திய மலைவாழ் மக்கள் அந்த எழுத்துப் பண்பாட்டின் பங்காளிகள். அவர்களின் சொந்த நிலம் அரசின் ஏட்டில் நேரடியாக ஏறியது 1976-க்குப் பின்னரே என்பதை நினைக்கும்போது, அப்பங்களிப்பு எழுதப்படாமல் போன அநீதி மேலும் கூர்மையாகத் தெரிகிறது. எழுதுகருவிகளின் வரலாற்றைப் பர்மிங்காமிலும் நியூயார்க்கிலும் தொடங்கி அங்கேயே முடிப்பது அரைகுறை வரலாறு. முலாம் மூடியில் படிந்த ஒரு கருநீலக் கறையைச் சரியாகக் கழுவக் கற்றுக்கொள்பவர், காட்டிலிருந்து தோல் பட்டறைக்கும், அங்காடிக்கும், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் நீண்ட உழைப்பின் வழித்தடத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வழித்தடத்தில் வெள்ளிமலையும் கள்ளக்குறிச்சியும் தம் பெயரோடு இடம்பெறுவது வரலாற்றாளரின் கடமை.